எந்தப் படத்துக்குப் போறதுன்னு ஒரு வாரம் குழம்பின கதை

போன சனிக்கிழமைக்கு முந்தின வாரம் பூரா நான் ஆபீஸ்ல வேலை பாத்தேனோ இல்லையோ, மூணு தியேட்டரோட ஷோ டைமை மட்டும் மாத்தி மாத்தி பாத்துக்கிட்டே இருந்தேன். பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் போடுறதையே பொழப்பா வச்சிருக்கற தியேட்டருங்க இவங்க, ரெப்பர்டரி தியேட்டர்னு சொல்லுவாங்க, புதுப்பட ரிலீஸ் பக்கமே எட்டிப் பாக்க மாட்டாங்க, மாசத்துக்கு ஒரு அட்டவணை போடுவாங்க, அதுல 1920கள்ல ஆரம்பிச்சு எந்த வருஷத்துப் படம் வேணா இருக்கும். இப்படி ஒரு தியேட்டர் இருந்தா அது கொடுப்பினை. மூணு இருந்தா தலைவலி.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணியை ஒட்டி மூணு எடத்துல மூணு படம். ஒண்ணு டேவிட் லீனோட லாரன்ஸ் ஆஃப் அரேபியா, அதுவும் 70 எம்எம் பிரிண்ட், அதாவது அந்த அகலத்து ஃபிலிம் சுருள். ரெண்டாவது ஜப்பான் டைரக்டர் ஓசுவோட டோக்கியோ ஸ்டோரி, 35 எம்எம். மூணாவது பஸ்டர் கீட்டனோட ஷெர்லாக் ஜூனியர், ரெஸ்டோர் பண்ணின டிஜிட்டல் காப்பி, கூடவே ஒருத்தர் நேர்ல உக்காந்து பியானோ வாசிப்பார். மூணுமே நான் ஏற்கனவே வீட்ல பாத்த படம். அதனால எது நல்ல படம்ங்கற பேச்சே இல்ல, மூணும் நல்ல படம்தான், அது தெரிஞ்ச விஷயம். எதுக்காக வீட்ட விட்டுக் கெளம்பறதுங்கறதுதான் கேள்வி.

நண்பன் ஒருத்தன் இருக்கான், அவனுக்கு இந்தக் குழப்பமே வராது. பட்டியல் வச்சிருக்கான். சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை பத்து வருஷத்துக்கு ஒரு தடவை உலகம் பூரா இருக்கற விமர்சகர்கள்கிட்ட ஓட்டு வாங்கி ஒரு பட்டியல் போடும்ல, அதை அப்படியே போன்ல ஏத்தி வச்சிருக்கான், தியேட்டர் அட்டவணை வந்தவுடனே எந்தப் படம் பட்டியல்ல மேல இருக்கோ அதுக்கு டிக்கெட், பாத்துட்டு வந்து ஒரு டிக். நான் அவனைக் கிண்டல் பண்ணுவேன், ஆனா ஒரு காலத்துல நானும் அப்படித்தான் இருந்தேன்ங்கறதால ரொம்பப் பண்ண மாட்டேன். அந்தப் பட்டியல் கதையே தனி சுவாரஸ்யம். 1952ல முதல் தடவை போட்டப்போ முதலிடம் பைசைக்கிள் தீவ்ஸ், அப்போ அந்தப் படம் வந்து நாலே வருஷம். அப்புறம் 1962ல இருந்து 2002 வரைக்கும் அஞ்சு தடவை சிட்டிசன் கேன் நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல. 2012ல வெர்ட்டிகோ. 2022ல ஷான்டால் ஆகர்மனோட ஜான் டீல்மன், ஒரு பெண் எடுத்த படம் முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இத்தனைக்கும் நடுவுல சிட்டிசன் கேன் படத்துல ஒரு ஃபிரேம் கூட மாறல. ஓட்டுப் போட்டவங்க மாறினாங்க, அவ்வளவுதான். வெர்ட்டிகோவ எடுத்துக்குங்க, 1958ல வந்தது, 1970கள்ல இருந்து 1983 வரைக்கும் டைரக்டர் ஹிட்ச்காக் தரப்பு அந்தப் படத்தை வெளியவே விடாம வச்சிருந்தது, சும்மா போய் பாக்கவே முடியாது, அந்தக் காலத்துலதான் 1982 பட்டியல்ல முதல் தடவையா முதல் பத்துக்குள்ள நுழையுது! பாக்க முடியாத படத்து மேல ஆசை கூடுறது மனுஷ சுபாவம்தானே.

பட்டியல் தப்புன்னு சொல்ல வரல. அது எந்தப் படம் இருக்குன்னு சொல்லும். எந்தப் படத்தை தியேட்டர்ல பாக்கணும்னு சொல்லாது. ரெண்டும் வேற வேற.

இதை நான் கத்துக்கிட்டதே ஜான் டீல்மன்கிட்டதான். 201 நிமிஷம். ஆகர்மன் 25 வயசைத் தொடுற நேரத்துல எடுத்த படம். ஒரு விதவை அம்மா, ஒரு பையன், ஒரு அபார்ட்மென்ட், மூணு நாள். அந்தம்மா உருளைக்கிழங்கு உரிக்கும், பாத்திரம் கழுவும், லைட்டைப் போடும், அணைக்கும், எல்லாத்தையும் நேரம் குறைக்காம அப்படியே காட்டுவாங்க. முதல் தடவை வீட்ல லேப்டாப்ல பாத்தேன். பாத்தேன்னு சொல்றதே பொய், நடுவுல மூணு தடவை போன் எடுத்தேன், ஒரு தடவை எந்திரிச்சுப் போய் துணி மடிச்சேன், ரெண்டாம் நாள் கட்டத்துல ஒன்றரை மடங்கு வேகத்துல வச்சுட்டேன். முடிச்சுட்டு "சரி, பெண்ணோட வீட்டு வேலைய பத்தின படம், புரிஞ்சுது"ன்னு ஒரு மேதாவித்தனமான முடிவுக்கு வேற வந்தேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு தியேட்டர்ல போட்டாங்க. எந்திரிக்க முடியாது, போன் எடுக்க முடியாது, வேகம் ஏத்த முடியாது. முதல் முக்கால் மணி நேரம் நரகம். அப்புறம் என்னமோ ஆச்சு, அந்த வீட்டோட தாளம் உடம்புக்குள்ள ஏறிடுச்சு, அடுத்து எந்தக் கதவு, எந்த ஸ்விட்ச்ன்னு எனக்கே தெரிய ஆரம்பிச்சுது, ரெண்டாம் நாள் சாயங்காலம் உருளைக்கிழங்கு அடுப்புல குழைஞ்சு போயிடும், அந்தம்மா பாத்திரத்தைக் கையில வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம வீட்டுக்குள்ள அங்கயும் இங்கயும் நடக்கும், அப்போ தியேட்டர்ல இருந்த எல்லாருமே ஒரே நேரத்துல நிமிர்ந்து உக்காந்தோம். உருளைக்கிழங்கு குழைஞ்சதுக்கு! வேற படத்துல ஒரு கொலை நடந்தா கூட அப்படி ஒரு அதிர்ச்சி வராது. துணி மடிச்சுக்கிட்டே பாத்தவனுக்கு அது எப்படிக் கெடைக்கும்.

அன்னிக்குத்தான் என்னோட பழைய கணக்கு தலைகீழா மாறுச்சு. எல்லாரும் சொல்லுவாங்க, பிரம்மாண்டமான படத்தை தியேட்டர்ல பாரு, அமைதியான படத்தை வீட்ல பாருன்னு. எனக்கு நேர் எதிர்னு தோணுது. பிரம்மாண்டமான படம் வீட்ல பாத்தாலும் உங்களைப் பிடிச்சு உக்கார வச்சுடும், அதுக்கு அந்தத் தெம்பு உண்டு. மெதுவான படத்துக்குத்தான் நாலு சுவரும் இருட்டும் வேணும், அதுக்கு உங்களைக் கட்டிப் போட வேற ஆயுதம் கிடையாது.

இதை நண்பன்கிட்ட சொன்னா "அப்போ லாரன்ஸை டிவில பாக்கச் சொல்றியா"ன்னு சண்டைக்கு வருவான். அதுவும் நியாயம்தான். 65 எம்எம் நெகட்டிவ்ல எடுத்த படம் அது, ஒரு ஃபிரேமோட பரப்பு சாதாரண 35ஐ விட மூணு மடங்குக்கு மேல வரும். ஓமர் ஷெரிஃப் அறிமுகம் ஆகற காட்சி இருக்குல்ல, பாலைவனத்துல கானல் நடுவுல ஒரு புள்ளி, ரொம்ப நேரத்துக்கு வெறும் புள்ளி, அது மெதுவா ஒட்டகமா மனுஷனா மாறும், கேமராமேன் ஃப்ரெடி யங் அதுக்குன்னே 482 எம்எம் லென்ஸ் வரவழைச்சு எடுத்தார். லேப்டாப்ல அந்தப் புள்ளி இருக்கறதே தெரியாது, ஸ்கிரீன்ல தூசியோன்னு துடைச்சுப் பாத்திருக்கேன். பெரிய திரையில நீங்களே தேடுவீங்க, எங்க வருது எங்க வருதுன்னு, ஹீரோ பீட்டர் ஓட்டூல் பக்கத்துல நின்னுக்கிட்டு கண்ணைச் சுருக்கிப் பாக்கற மாதிரி.

ஆனா ஒண்ணு. அந்தப் படம் மறுபடி வரும். 70 எம்எம் வசதி இருக்கற தியேட்டர்காரங்களுக்கு அதுதான் கைக்கு அடக்கமான பொக்கிஷம், எப்ப போட்டாலும் ஆள் வரும், அதனால ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா தலைகாட்டும். அப்புறம் 220 நிமிஷத்துக்கு மேல ஓடும், நடுவுல இண்டர்வெல், ஆரம்பத்துல இருட்டுத் திரையில வெறும் இசை மட்டும் நாலு நிமிஷம், எல்லாம் முடிஞ்சு வெளிய வந்தா கடைசி பஸ் போயிருக்கும். கலையைப் பத்திப் பேசும்போது பஸ்ஸைப் பத்திப் பேசறானேன்னு நெனைக்காதீங்க. கடைசி அரை மணி நேரம் வாட்ச்சைப் பாத்துக்கிட்டே பாக்குற படம் பாதிப் படம்தான்.

அட்டவணையைப் படிக்கறதே ஒரு கலைங்க. படத்தோட பேரை எல்லாரும் படிப்பாங்க, அதுக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கறதை யாரும் படிக்க மாட்டாங்க. 35 எம்எம்னு போட்டிருக்கா, டிசிபின்னு, அதாவது தியேட்டருக்குன்னு பண்ணின டிஜிட்டல் காப்பின்னு போட்டிருக்கா, 4கே ரெஸ்டோரேஷனா, எத்தனை நிமிஷம், எந்த வெர்ஷன், அங்கதான் விஷயமே இருக்கு. நிமிஷக் கணக்கு ரொம்ப முக்கியம். மெட்ரோபோலிஸ்னு ஒரு ஜெர்மன் ஊமைப் படம், 1927ல முதல் காட்சி முடிஞ்ச கொஞ்ச காலத்துலயே வெட்டித் தள்ளிட்டாங்க, எண்பது வருஷம் உலகமே வெட்டின படத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு, 2008ல பியூனஸ் அயர்ஸ்ல ஒரு மியூசியத்துல 16 எம்எம் காப்பி ஒண்ணு கெடச்சுது, கீறல் விழுந்து மோசமா இருந்தாலும் காணாமப் போன இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு அதுலதான் உயிர் வந்துச்சு. அதனால மெட்ரோபோலிஸ்னு பாத்தவுடனே டிக்கெட் எடுக்காதீங்க, எத்தனை நிமிஷம்னு பாருங்க, ரெண்டரை மணி நேரத்தை ஒட்டி இருந்தா அது ஏறக்குறைய முழுசு.

பிளேட் ரன்னர் கதை இதை விட வேடிக்கை. 1982ல ஸ்டூடியோ ஆளுங்க ஹீரோ குரல்ல விளக்கம் எல்லாம் சேர்த்து, சந்தோஷமான முடிவு ஒட்டி ரிலீஸ் பண்ணினாங்க. 1990ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஃபேர்ஃபாக்ஸ்ங்கற தியேட்டர்ல பழைய 70 எம்எம் படங்களா போடும்போது இந்தப் படத்தோட பொட்டியும் வந்துச்சு, மாட்டி ஓட்டினா வேற படம் ஓடுது! குரல் விளக்கத்தை ஏறக்குறைய காணோம், அந்த முடிவைக் காணோம். அது எடிட்டிங் முடியறதுக்கு முன்னாடி போட்ட ஒர்க் பிரிண்ட், தெரியாமலே வந்து சேந்திருக்கு. ஜனங்க கொண்டாடிட்டாங்க, அந்த ஆரவாரத்துலதான் 1992ல டைரக்டர்ஸ் கட்டுன்னு ஒண்ணு வந்துச்சு, 2007ல ஃபைனல் கட். பழைய படம் போடுற ஒரு தியேட்டர்ல யாரோ தப்பான பொட்டியை மாட்டினதால ஒரு படத்தோட தலையெழுத்தே மாறின கதை இது, நெனச்சாலே எனக்கு உற்சாகமா இருக்கும்.

பிரிண்டா டிஜிட்டலான்னு ஒரு மதச்சண்டை இருக்கு, அதுல நான் எந்தப் பக்கமும் நிக்கல. ஃபிலிம்னாலே உசத்தின்னு பேசறவங்க ஒரு தடவை சாயம் போன ஈஸ்ட்மன்கலர் பிரிண்டைப் பாக்கணும். 1950கள்ல இருந்து 80கள் ஆரம்பம் வரைக்கும் போட்ட அந்த பிரிண்ட்டுங்கள்ல பச்சையும் நீலமும் காலப்போக்குல கழண்டு போயிடும், மிஞ்சறது ஒரு பிங்க். வானம் பிங்க், புல்வெளி பிங்க், கதாநாயகி பிங்க். பழைய டெக்னிக்கலர் முறையில சாயத்தை அச்சு மாதிரி ஒத்தி எடுத்த பிரிண்ட் மட்டும் அப்படியே நிக்கும், அது எங்கயாவது போடறாங்கன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போங்க. நல்ல நெகட்டிவ்ல இருந்து ஒழுங்கா பண்ணின டிசிபி சாயம் போன பிரிண்டை விட ஆயிரம் மடங்கு மேல்.

ஆனாலும் ஃபிலிம் ஓடறப்போ ஒரு சுகம் இருக்கு, மறுக்கல. ஒரு ரீல் 2000 அடி, இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட வரும், ரீல் முடியப் போறப்போ வலது பக்கம் மேல் மூலையில ஒரு பொட்டு வந்து மறையும், அது ஆபரேட்டருக்கு, அடுத்த மெஷினை ஸ்டார்ட் பண்ணுன்னு அர்த்தம், சில நொடி கழிச்சு இன்னொரு பொட்டு, மாத்துன்னு. ஒரு தடவை தெரிஞ்சுக்கிட்டீங்கன்னா அப்புறம் அந்தப் பொட்டைப் பாக்காம இருக்கவே முடியாது, அதுக்கு மன்னிச்சுக்குங்க. எனக்கு அது பிடிக்கும். பின்னாடி அந்தச் சின்ன ரூம்ல ஒரு ஆள் முழிச்சுக்கிட்டு இருக்கார்னு ஒரு தைரியம்.

ஒரு தியேட்டர்ல நடந்தது, பேர் வேண்டாம். புதுசா ரெஸ்டோர் பண்ணின காப்பின்னு விளம்பரம் போட்டாங்க, ஆசையா போய் உக்காந்தோம், லைட் அணைஞ்சுது, திரையில ப்ளூரே மெனு வந்துச்சு. ப்ளே, சாப்டர்ஸ், சப்டைட்டில்ஸ். மவுஸ் அம்புக்குறி கூட ஒரு ஓரத்துல ஆடிக்கிட்டு இருந்துச்சு. அதே டிஸ்க் என் வீட்டு அலமாரில இருக்கு! டிசிபி நொடிக்கு 250 மெகாபிட் வரைக்கும் போகும், ப்ளூரே உச்சத்துல நாப்பது, வீட்டு டிவிக்கு அது தாராளம், அம்பது அடி திரைக்கு இழுத்தா இருட்டுக் காட்சி எல்லாம் கட்டம் கட்டமா உடைஞ்சு தெரியும். அதுல இருந்து எனக்கு ஒரு பழக்கம், எதுல போடறீங்கன்னு போன் பண்ணிக் கேட்டுடுவேன். ஒழுங்கான தியேட்டர்காரங்க அந்தக் கேள்விக்கு சந்தோஷப்படுவாங்க, பத்து நிமிஷம் பேசுவாங்க. "தெரியலயே சார்"ன்னு பதில் வந்தா அந்த வாரம் வேற எடம்.

அப்புறம் மறுபடி வருமாங்கற கேள்வி. இதுதான் என்னைப் பொறுத்தவரை கடைசித் தீர்ப்பு சொல்ற நீதிபதி. பழைய படம்னா எங்கயோ ஒரு குடோன்ல பத்திரமா இருக்கும்னு நாம நெனச்சுக்கறோம். 1950களோட ஆரம்பம் வரைக்கும் படம் எடுத்தது நைட்ரேட் ஃபிலிம்ல, பத்திக்கிச்சுன்னா தண்ணிக்குள்ள முக்கினாலும் அணையாது, எரியறதுக்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவே உண்டாக்கிக்கும். அதுக்கப்புறம் வந்த அசிட்டேட் ஃபிலிம் அவ்வளவு லேசுல பத்திக்காது, ஆனா அழுகும், டப்பாவைத் திறந்தா வினிகர் வாடை அடிக்கும். ட்ரேயர் 1928ல எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க் நெகட்டிவ் தீயில போச்சு, ஐம்பது வருஷத்துக்கு மேல கழிச்சு 1981ல ஆஸ்லோல ஒரு மனநல மருத்துவமனை அலமாரில இருந்து முழுப் படம் கெடச்சுது. பதேர் பாஞ்சாலியோட நெகட்டிவ் 1993ல லண்டன்ல ஒரு லேப் தீ விபத்துல கருகிச்சு, கருகின சுருளைக் கூட தூக்கிப் போடாம எடுத்து வச்சிருந்தாங்க, அதுல தேறினதை வச்சு 2015ல மறுபடி உருவாக்கினாங்க. நம்ம தமிழோட முதல் பேசும் படம் காளிதாஸ், 1931, அதோட பிரிண்ட் இன்னி வரைக்கும் எங்கயும் கெடைக்கல. நாலு பாட்டுப் புஸ்தகமும் விளம்பரமும் வச்சுத்தான் கற்பனை பண்ணிக்கணும். அதுக்கு ஒரு ஆஸ்லோ அலமாரி வாய்க்கலயே.

டோக்கியோ ஸ்டோரியும் இந்த வரிசைதான். 1953 படம். ஒரிஜினல் நெகட்டிவ் தீயில போயிடுச்சு, இப்ப நாம பாக்கறது எல்லாம் காப்பியில இருந்து எடுத்த காப்பி. அதோட 35 எம்எம் பிரிண்ட் ஒண்ணு நம்ம இருக்கற எடத்துக்கு வருதுன்னா அது சும்மா இல்ல. இந்த டிஜிட்டல் காலத்துல பிரிண்ட்டை வெளிய அனுப்பறதே கொறஞ்சு போச்சு, ஒவ்வொரு தடவை ஓடும்போதும் ஒரு கீறல் கூடும், அனுப்பறவங்களுக்கும் மனசு வராது.

ஆக என் கணக்குல டோக்கியோ ஸ்டோரி முன்னாடி நின்னுச்சு. மெதுவான படம், அரிய பிரிண்ட், 136 நிமிஷம், பஸ் கெடைக்கும். ஆனா வெள்ளிக்கிழமை காலைல கதை மாறிடுச்சு, அம்மா வந்துட்டாங்க. ரெண்டு நாள் என்கூட இருப்பாங்க. சனிக்கிழமை அவங்களையும் கூட்டிட்டுப் போகணும், வீட்ல தனியா விட்டுட்டுப் போக முடியாது.

கூட யார் வர்றாங்கங்கறது எல்லாக் கணக்கையும் அழிச்சுடும். அம்மாவுக்கு சப்டைட்டில் வேகமா படிக்க வராது, பாதி படிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடும். ஜப்பான் படம் எதுவும் பாத்ததில்ல. கேமரா ஏறக்குறைய அசையவே அசையாத, தரையில உக்காந்த ஆளோட கண் மட்டத்துல இருந்து பாக்குற ஒரு கருப்பு வெள்ளைப் படத்துல ரெண்டேகால் மணி நேரம் உக்கார வச்சா பாவம் தூங்கிடுவாங்க. தூங்கறது ஒண்ணும் தப்பில்லதான், தியேட்டர்ல தூங்க விடற படங்கள்தான் தனக்குப் பிடிக்கும், அதே படம் அப்புறம் ராத்திரி தூங்க விடாதுன்னு ஈரான் டைரக்டர் கியாரஸ்தமியே சொல்லியிருக்கார். நானும் ஸ்டாக்கர் படத்துல ஒரு இருபது நிமிஷம் நல்லா தூங்கி எந்திரிச்சிருக்கேன், எந்திரிச்சுப் பாத்தா மூணு பேரும் அதே புல் மேலதான் படுத்திருந்தாங்க. ஆனா அம்மா தூங்கினா எனக்குக் குற்ற உணர்ச்சியா இருக்கும்.

நியாயமாப் பாத்தா கீட்டன்தான் சரி. 45 நிமிஷம், பேச்சே கிடையாது, 1924ல எடுத்தது இன்னிக்கும் யாருக்கும் சிரிப்பு வரும். காமெடிய தனியா பாக்கவே கூடாதுங்கறது என் கட்சி. வீட்ல தனியா பாத்தா "ஓ, நல்லா பண்ணியிருக்கான்"னு மூளைக்குள்ள ஒரு சர்டிபிகேட் குடுத்துட்டு நகந்துடுவோம், கூட்டத்துல பாத்தா வயிறு வலிக்கும். பியானோ வேற. அந்தக் காலத்துல கேமராவைக் கையால சுத்தினாங்க, ஓட்டற வேகமும் தியேட்டருக்குத் தியேட்டர் மாறும், வாசிக்கறவர் திரையைப் பாத்துத்தான் வாசிக்கணும், அதனால ரெண்டு காட்சி ஒரே மாதிரி இருக்காது. அந்தப் படத்துல தண்ணி டேங்க் குழாய்ல இருந்து தண்ணி மொத்தமா கொட்டி கீட்டன் தண்டவாளத்துல விழுவார், கழுத்து எலும்பு உடைஞ்சு போச்சு, அது அவருக்கே தெரியாது, தலைவலின்னு நெனச்சு வேலை பாத்திருக்கார், பல வருஷம் கழிச்சு ஒரு டாக்டர் எக்ஸ்ரே பாத்துத்தான் சொல்லியிருக்கார். அந்த ஷாட் படத்துலயே இருக்கு. விழுந்து எந்திரிச்சு ஓடுவார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி இதையெல்லாம் மண்டைக்குள்ள ஓட்டிக்கிட்டே லேப்டாப்பைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அம்மா கேட்டாங்க.

"என்னடா ரொம்ப நேரமா அதையே பாக்குற?"

"நாளைக்கு எந்தப் படத்துக்குப் போறதுன்னு பாக்குறேன்மா. மூணு இருக்கு."

"கதை என்ன, சொல்லு."

கதை! ஒரு வாரமா எம்எம் கணக்கு, நிமிஷக் கணக்கு, பஸ் கணக்கு எல்லாம் போட்ட நான் அந்தக் கேள்விய ஒரு தடவை கூட கேட்டுக்கல. சொன்னேன். ஒண்ணு, வெள்ளைக்கார ஆபீசர் ஒருத்தன் பாலைவனத்துக்குப் போய் அங்க இருக்கறவங்களைச் சேத்துக்கிட்டு சண்டை போடறான். "எவ்ளோ நேரம்?" நாலு மணி நேரம் ஆகும்மா. "வேணாம்." ரெண்டு, ஒரு தியேட்டர் ஆபரேட்டர் வேலை நேரத்துல தூங்கிடறான், கனவுல எந்திரிச்சுப் போய் ஓடற படத்துக்குள்ளயே நுழைஞ்சுடறான். சிரிச்சாங்க. "நல்லா இருக்கே." மூணாவது, ஒரு வயசான அப்பா அம்மா, பிள்ளைங்க எல்லாம் பட்டணத்துல இருக்காங்க, பாத்துட்டு வரலாம்னு ரயில் ஏறி வர்றாங்க.

"வந்து?"

"வந்து பாத்துட்டு, திரும்பிப் போறாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்மா."

கொஞ்ச நேரம் எதுவும் பேசல. "அதுக்கே போலாம்"னாங்க.

சப்டைட்டில் பிரச்சினைய சொன்னேன். "உங்கப்பா பேசினதுல பாதி எனக்குக் காதுல விழுந்ததே இல்ல, குடும்பம் நடத்தலயா"ன்னு முடிச்சுட்டாங்க.

நடுவுல உக்காந்தோம், பின்னாடில இருந்து மூணாவது வரிசை. பிரிண்ட் நல்லாவே அடிபட்டிருந்துச்சு, முதல் ரீல்ல மழை மாதிரி கோடு, சத்தத்துல ஒரு கரகரப்பு, பதினஞ்சு நிமிஷத்துல ரெண்டும் மறந்து போச்சு. அம்மா மொத்தமா மூணு தடவைதான் என்கிட்ட என்ன சொல்றாங்கன்னு கேட்டாங்க. மத்தபடி சப்டைட்டில் பக்கமே போகல, முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான்தான் கீழ எழுத்தைப் படிக்கறதும் மேல பாக்கறதுமா இருந்தேன். மூத்த பொண்ணு அப்பா அம்மாவை இருக்க வைக்க எடம் இல்லாம வெந்நீர் ஊற்று இருக்கற ஊருக்கு அனுப்பி வைக்கும், அங்க ராத்திரி பூரா பக்கத்து ரூம்ல சத்தம், தூக்கம் இல்லாம ரெண்டு பேரும் மறுநாள் கடலோரச் சுவர் மேல உக்காந்திருப்பாங்க. அந்த எடத்துல அம்மா லேசா "ம்ச்" கொட்டினாங்க. பின் வரிசைல யாரோ மூக்கை உறிஞ்சினாங்க. அது வேற யாரும் இல்ல, ஒரு பெரிய மனுஷன், முடிஞ்சு லைட் போட்டதும் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே எங்க முகத்தைப் பாக்காம போயிட்டார்.

வெளிய பஸ் ஸ்டாப்ல நிக்கும்போது நண்பன்கிட்ட இருந்து மெசேஜ், லாரன்ஸ் இண்டர்வெல்லாம், "வேற லெவல்டா, புள்ளி தெரிஞ்சுது"ன்னு. நான் சிரிச்சுக்கிட்டே அம்மாகிட்ட, அந்த மூத்த பொண்ணு எவ்ளோ கல் மனசு பாத்தியான்னு ஆரம்பிச்சேன். நான் படிச்ச கட்டுரை எல்லாத்துலயும் அவளைத்தான் திட்டியிருப்பாங்க, அம்மா சாகக் கெடக்கறப்போவே துக்க டிரெஸ் எடுத்துட்டு வர்றவ, சாவு முடிஞ்ச கையோட அம்மாவோட புடவை மாதிரி இருக்கற அந்த கிமோனோ வேணும்னு கேக்கறவ.

"அவ ஒண்ணும் கெட்டவ இல்லடா. கடை வச்சிருக்கா, கடையப் பாக்கணும். நாலு பேர் வீட்டுக்கு வந்தா அடுப்புல நிக்கறவளுக்குத்தான் தெரியும். அழுதாளே, பாத்தல்ல. எல்லாரையும் விட அவதான் பொங்கி அழுதா."

அழுதா. ஆமா. நான் அதை மூணு தடவை வீட்ல பாத்திருக்கேன், அழுதுட்டு உடனே அந்த டிரெஸ் பத்திப் பேசறாளேங்கறதுதான் எனக்கு ஞாபகம் இருந்துச்சு.

பஸ் வந்துச்சு, ஜன்னல் ஓரம் உக்காந்தாங்க. ரெண்டு ஸ்டாப் தாண்டினப்புறம் என் பக்கம் திரும்பி, "படம் முழுக்க எல்லாரும் விசிறிக்கிட்டே இருந்தாங்க, கவனிச்சியா"ன்னாங்க. நான் கவனிக்கல. ஓசுவோட கேமரா உயரம் எவ்ளோ, என்ன லென்ஸ், எத்தனை எடத்துல கேமரா நகரும்னு எல்லாம் படிச்சு வச்சிருந்தேன், விசிறி கண்ணுல படல. இப்ப சொன்னதும் ஒவ்வொண்ணா வந்துச்சு, மகன் வீட்ல விசிறி, மக வீட்ல விசிறி, மருமகளோட சின்ன ரூம்ல அவ மாமனார் மாமியாருக்கு உக்காந்து விசிறி விடறது.

"முதல்ல கெளம்பறப்போ ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஊருக்குத் துணி எடுத்து வச்சாங்க, ஜன்னல்ல பக்கத்து வீட்டம்மா எட்டிப் பாத்துட்டுப் போனா. கடைசில அதே எடத்துல அவர் மட்டும் உக்காந்து விசிறிக்கிட்டு இருந்தார். அந்தம்மா அப்பவும் ஜன்னல்ல எட்டிப் பாத்தா."

அப்புறம் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடச் சொன்னாங்க, உள்ள புழுக்கமா இருக்குன்னு.